பூவலிங்கக் கரடி பிரேக் வாங்கிய கதை

ஒரு காட்டில், மலைப்பாதை ஏறி முடிகிற இடத்தில், பூவலிங்கம் என்றொரு கரடி குடியிருந்தது. தேன் வியாபாரம் செய்து ஓய்ந்த கரடி. அதனிடம் ஒரு பழைய கார் இருந்தது. அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. செய்தவர்களே மறந்துபோன காரைப் பூவலிங்கம் மட்டும் தினமும் துடைத்து வைத்தது.

கரடிக்கு ஒரே மகள், செண்பகவடிவு. மலையடிவாரத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. மகள் இப்போது முழுகாமல் இருந்தது. தலைப்பிரசவம் என்பதால் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அடைமழை பிடித்துக்கொண்டால் ரோடு சரிந்துவிடும். அதற்குள் போய் வந்துவிடலாம் என்று கரடி காரை எடுத்தது. கார் சொன்னபடி கிளம்பியது. நிற்கத்தான் மறுத்தது. வாசலில் மிதித்த பிரேக்குக்கு வாழைத்தோப்பில் போய் நின்றது.

மெக்கானிக் உடும்பு சித்திரைவேலு காருக்கு அடியில் புகுந்து பார்த்தது. பிரேக் ஷூ எல்லாம் தேய்ந்து வெறும் தகடாகிவிட்டது, நாலு சக்கரத்துக்கும் புதிதாகப் போட வேண்டும் என்றது. எந்தச் சாமான் வாங்கி வந்தாலும் மாட்டித் தருவேன், மாட்டின பிறகு என்னைக் கேட்கக் கூடாது என்றும் சொன்னது. அந்த ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் ஒரே உத்தரவாதம் அதுதான்.

பூவலிங்கம் கழற்றிய ஷூவைத் துணியில் சுற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு புறப்பட்டது. பழசோடு புதுசை வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது அதன் கொள்கை.

முதலில் கம்பெனி ஷோரூமுக்குப் போனது. அங்கே டை கட்டிய கொக்கு ஒன்று ஷூவை வாங்கிப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கும் குரலில், இந்தக் காரை இன்னுமா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டது. பிறகு தவணையில் புதுக் கார் எடுப்பதன் நன்மைகளை விளக்கியது. பிரேக் கேட்டுப் போன கரடி ஒரு சாவிக்கொத்தும் காலண்டரும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தது.

அடுத்தது கழுதைப்புலியின் காயலாங்கடை. விபத்தில் நொறுங்கிய கார்கள் அங்கே குவிந்து கிடந்தன. கழுதைப்புலி ஒரு காரிலிருந்து கழற்றிய பிரேக் ஷூவைக் காட்டி, அந்தக் காலத்துச் சரக்கு, இப்போது இப்படி யார் செய்கிறார்கள் என்றது. பூவலிங்கம் அந்தக் காரைப் பார்த்தது. அதன் முன்பக்கம் முழுவதும் பின்பக்கத்துக்கு வந்திருந்தது. இந்த பிரேக் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் இந்தக் கார் இங்கே எதற்கு வந்தது என்று கரடிக்குத் தோன்றியது. வாய்விட்டுக் கேட்காமல் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்தது.

கடைசியாக நரியின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. காட்டிலுள்ள எல்லா வண்டிகளுக்கும் அங்கேதான் சாமான். நரி கனிவாகக் கேட்டது: "ஒரிஜினல் வேணுமா, ஒரிஜினல் மாதிரி வேணுமா, இல்ல ஒரிஜினலைவிட நல்லதா வேணுமா, அண்ணாச்சி?"

மூன்றையும் எடுக்கச் சொல்லிக் கரடி மேஜைமேல் பரப்பியது. டப்பாக்கள்தான் வேறு வேறு நிறம். உள்ளே இருந்த ஷூ மூன்றும் ஒரே அளவு, ஒரே கனம். மூன்றிலும் கம்பெனிப் பெயரில் அதே எழுத்து தப்பாக இருந்தது. பழைய ஷூவை அருகில் வைத்தால் இவை அப்பளம்போல் தெரிந்தன. இதைச் சுட்டிக்காட்டியபோது நரி கோபித்துக்கொள்ளவில்லை. சந்தேகப்பட்டால் குடும்பமே நடத்த முடியாது, பிரேக் எப்படி வாங்குவது என்று ஆறுதலாகக் கேட்டது.

அந்த நேரம் பக்கத்து வீட்டு ஆவுடையப்பன் கடைக்கு வந்தது. ஆவுடையப்பன் ஒரு காட்டுப்பன்றி. அதனிடமும் இதே மாடல் கார், இதே கோளாறு. கைக்கு எட்டிய டப்பாவை எடுத்துத் திறந்துகூடப் பார்க்காமல் அக்குளில் இடுக்கிக்கொண்டது.

"எறங்கும்போதுதானே அண்ணாச்சி பிரேக் வேணும்? அடிவாரத்துல பெரிய வைக்கோல்போர் கெடக்கு. அதுல போய் முட்டினா வண்டி நிக்கும்" என்றது.

பூவலிங்கம் அதைப் பரிதாபத்தோடு பார்த்தது. காடே அப்படித்தான் பார்த்தது. நீதிக்கதை கேட்டு வளர்ந்த காடு அது. ஆவுடையப்பன் உருளப்போவதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்த வளைவில் என்பதில்தான் பேச்சு.

கரடி விடவில்லை. போனில் தேடித் தேடி, பக்கத்துக் காட்டில் கம்பெனியின் பழைய கிடங்கு ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தது. அங்கே போய் டோக்கன் வாங்கி, ஆமைக்குப் பின்னால் வரிசையில் நின்றது. பார்ட் நம்பரை ஒப்பிட்டது, சீல் உடையாததைச் சரிபார்த்தது, நாலு சக்கரத்துக்கும் ஒரே லாட்டில் வாங்கியது. சித்திரைவேலு மாட்டி முடித்ததும் ஓட்டிப் பார்த்தது. பெடலில் கால் பட்டதும் கார் ஒரு முனகலும் இல்லாமல் நின்றது. கரடிக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் மகளை அழைத்துவரக் கிளம்பியது. மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரை பக்கத்து சீட்டில் இருந்தது. பாதி இறக்கத்தில், குறுகலான ஒரு வளைவில், புலி நடுரோட்டில் நின்று கையைக் காட்டியது. புலிதான் அந்தக் காட்டுக்கு ராஜா. பூவலிங்கம் பதறிப்போய் பிரேக்கை மிதித்தது. கார் புலியின் மீசையைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

புலி காரைச் சுற்றி வந்தது. மூட்டுவலியால் நடக்க முடியாமல் அது பல மாதமாக அந்த வளைவில் வண்டிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் நரி கடைச் சாமான் போட்ட வண்டிகள். ஒன்றும் நிற்கவில்லை. ராஜ துரோகம் என்று புலி நினைத்திருந்தது.

"நிறுத்தினா நிக்கிற வண்டியை இந்தக் காட்டுல இப்பத்தான்யா பாக்கிறேன்" என்று சொல்லிப் பின்கதவைத் திறந்து ஏறிப் படுத்துக்கொண்டது.

கரடி மகளின் நிலைமையை எடுத்துச் சொன்னது. புலி அனுதாபத்தோடு கேட்டது, நல்லபடியாகப் பிறக்கும் என்று ஆசீர்வாதமும் செய்தது. பிறகு, முதலில் ஆற்றங்கரைக்கு விடச் சொன்னது. அங்கிருந்து ஒரு திறப்புவிழா, ஒரு துக்க வீடு, ஒரு கண்டனக் கூட்டம். மாலையில் கார் முன்பக்கம் 'அரசு' என்று பலகை கட்டினார்கள். புளியோதரையைப் புலியின் செயலாளரான மரநாய் தின்றது. இனித் தினமும் காலையில் இந்த வளைவுக்கு வந்துவிட வேண்டும் என்று பூவலிங்கத்துக்கு உத்தரவானது.

இரண்டு நாள் கழித்து ஆவுடையப்பன் இறங்கி வந்தது. பூவலிங்கத்துக்காக வளைவில் காத்திருந்த புலி பழக்கத்தில் கையைக் காட்டியது. ஆவுடையப்பன் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ராஜா, கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க, பிரேக் பிடிக்கல" என்று பணிவாகச் சொன்னது. ராஜா பள்ளத்தில் குதித்தது. ஆவுடையப்பன் நேராகப் போய் வைக்கோல்போரில் மோதி இறங்கி, உடம்பைத் தட்டிக்கொண்டு, கரடி வீட்டார் கேட்டுக்கொண்டபடி செண்பகவடிவை ஏற்றிக்கொண்டு மெதுவாக மலையேறியது. ஏற்றத்தில் பிரேக்குக்கு என்ன வேலை? பேத்தி பிறந்த சேதி பூவலிங்கத்துக்கு ஒரு திறப்புவிழா வாசலில், கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கும்போது வந்தது. சர்க்கரை கொடுக்கக்கூட ஆளில்லை. பள்ளத்தில் குதித்த நாள் முதல் ஆவுடையப்பனின் ஹாரன் கேட்டால் புலி தானாகவே ரோட்டைவிட்டு இறங்கிவிடும். காட்டில் பன்றிக்கு மரியாதை கூடியது.

மூன்றாம் மாதம் சம்பந்தி வந்து தாயையும் பிள்ளையையும் அடிவாரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே பெயர் வைக்கும் விழா என்று சொல்லி அனுப்பினார்கள். இதற்காவது போய்ச் சேர வேண்டும் என்று பூவலிங்கம் முடிவு செய்தது. முந்தின நாள் நரி கடைக்குப் போய், தலையைக் குனிந்துகொண்டு, அந்த நிற்காத பிரேக்கைக் கேட்டது.

நரி பெருமூச்சு விட்டது. பூவலிங்கத்தின் கதியைப் பார்த்துக் காடே அந்தச் சரக்கைத்தான் கேட்கிறது, தட்டுப்பாடு என்றது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது: "ஒரு சங்கடம், அண்ணாச்சி. என் சரக்குக்கே டூப்ளிகேட் வந்துடுச்சு. எவனோ என் டப்பாவுல நல்ல சாமானைப் போட்டு விக்கிறான். வாங்கினவங்க வண்டி எல்லாம் நிக்குது. பரம்பரையாச் சேத்த பேரு போச்சு."

கரடி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. தப்பெழுத்து இருக்கிறதா என்று பார்த்தது, இருந்தது. நிம்மதியாக வாங்கிக்கொண்டு போய், நல்ல ஷூவைக் கழற்றச் சொல்லி இதை மாட்டியது. சித்திரைவேலு எதுவும் கேட்கவில்லை, தன்னையும் கேட்கக் கூடாது என்று மட்டும் நினைவூட்டியது.

காலையில் கரடி வேட்டி சட்டையோடு, பேத்திக்கு வெள்ளிக் கொலுசு வாங்கி வைத்துக்கொண்டு இறங்கியது. வளைவில் புலி கையைக் காட்டியது. ஆவுடையப்பன் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே, பார்வைக்காக, பூவலிங்கம் பெடலை லேசாக மிதித்தது.

கார் நின்றது. முன்பைவிட அழகாக நின்றது.

புலி ஏறிப் படுத்துக்கொண்டு, எங்கே இவ்வளவு அவசரம், வேட்டியெல்லாம் புதுசாக இருக்கிறதே என்று விசாரித்தது. பேத்திக்குப் பெயர் வைக்கிறோம் என்று கரடி உண்மையைச் சொன்னது. புலி மனம் நெகிழ்ந்து, தானே வந்து வைப்பதாகச் சொன்னது. சம்பந்தி வீட்டு வாசலில் கார் நின்றபோது பந்தலில் இலை போட்டிருந்தது, உட்கார ஆளில்லை. மான் வீட்டாரும் முயல் வீட்டாரும் கொல்லைப்புறமாகப் போய்விட்டிருந்தார்கள். எல்லா இலையையும் புலி ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

கரடிக் குட்டிக்குப் புலிக்குட்டி என்று பெயர் வைத்தார்கள். மிச்சமிருந்த வீட்டார் கைதட்டினார்கள். பூவலிங்கமும் தட்டியது.

நீதி: நிற்கிறவனைத்தான் நிறுத்துவார்கள். ஆகவே போலி வாங்கினாலும் அசல் போலியாகப் பார்த்து வாங்குக.