எந்தப் பழனிசாமி?

தேர்தலில் நின்று தோற்றவனுக்கு ஆறுதல் சொல்ல நாலு பேராவது வருவார்கள். நிற்காமலே தோற்றவனைப் பார்க்க ஊரே வரும், சிரிப்பதற்கு. கொல்லங்கோடு பக்கத்தில் இந்த இரண்டாவது ரகத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

எழுபதுகளில் எங்கள் வாய்க்கால் பாசனச் சங்கத்துக்கு எப்போதும் ஒரே தலைவர்தான். போட்டியில்லாமல் ஜெயிப்பார்; தண்ணீரும் போட்டியில்லாமல் அவர் வயலுக்கே முதலில் பாயும். கடைமடையில் என் நெல் காய்ந்துகொண்டிருந்தது. புதுக் கல்யாணம், பி.யு.சி. படித்த திமிர் (பாஸா என்று கேட்காதீர்கள்). வேட்புமனு போட்டேன்.

அதிகாரி மனுவைத் தள்ளிவிட்டார். ஒருவர் ஒருவரைத்தான் வழிமொழியலாம் என்பது விதி. என்னை வழிமொழிந்த பெரியப்பா அதற்கு முன்பே தலைவருக்கும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"ஏனுங்க பெரியப்பா, இப்படிப் பண்ணிட்டீங்க?"

"அவரு கேட்டாரு, போட்டேன். நீயும் கேட்டே, போட்டேன். இதுல என்ன கண்ணு தப்பு?"

நான் விடவில்லை. ஒரே மனு இருந்தாலும் உறுப்பினர்கள் கேட்டால் ஓட்டெடுப்பு நடத்தவேண்டும், வேறு உறுப்பினர் பெயரைச் சீட்டில் கையால் எழுதினாலும் செல்லும் என்று சங்க விதியில் இருந்தது. தலைவரே அதைப் படித்ததில்லை. "பழனிசாமின்னு எழுதுங்க, போதும்" என்று ஆண்களிடம் நான் சொன்னேன். பெண்களிடம் என் மனைவி சரசு. (நில உச்சவரம்புக்குப் பயந்து பாதி வயல் பெண்கள் பேரில் இருந்த காலம் அது.)

எண்ணி முடித்தபோது பழனிசாமிக்கு அமோக வெற்றி. மாலையோடு எழுந்தேன் (அதையும் நானேதான் வாங்கி வைத்திருந்தேன்).

"எந்தப் பழனிசாமி?" என்றார் அதிகாரி.

சங்கத்தில் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவர் என் மாமனார். அதிகாரி ஓட்டுப் போட்டவர்களையே கேட்டார். முன்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்தார்.

"சரசு அவங்க அப்பா பேரை எழுதச் சொன்னாளுங்க. அவருக்குத்தானுங்க போட்டோம்."

பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஆண்களில் பாதிப்பேர் பழைய தலைவருக்கே போட்டிருந்ததால், பெண்கள் ஓட்டைக் கழித்தால் எனக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். நான் சரசுவைப் பார்த்தேன்.

"ஊட்டுக்காரரு பேரை வாயால சொல்ல முடியுமுங்களா? அதான் எங்கப்பா பேருன்னு சொன்னேன். ரெண்டும் ஒரே பேருதானுங்களே" என்றாள்.

ஓட்டுப் போட மட்டும் வந்திருந்த மாமனாரிடம் சம்மதமா என்று கேட்டார்கள். எனக்கு விட்டுக்கொடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஊரே எழுதிக் குடுத்ததை வேண்டாமுன்னா மரியாதையா இருக்காதுங்க."

அவரோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தைரியமில்லை. என் மாலையை என் கையாலேயே அவருக்குப் போட்டேன்.

தலைவரானதும் அவர் எடுத்த முதல் முடிவு என் வயலைப் பற்றியது. "மாப்பிள்ளைக்கு மொதல்ல தண்ணி உட்டா ஊரு பேசும்" என்றார். அந்தப் போகம் முழுவதும் எனக்குத்தான் கடைசி முறை. பழைய தலைவர்கூட என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

இன்றும் வாசலில் யாராவது வந்து "பழனிசாமி ஊடு இதுதானுங்களா?" என்று கேட்டால் என் மகன் எட்டிப் பார்த்துச் சொல்கிறான்: "ஜெயிச்சவரு காலமாயிட்டாருங்க. மத்தவரு உள்ளே இருக்காரு."