நாற்பத்தெட்டுப் பேருக்குக் காலைச் சாப்பாடும் உங்கள் தங்கையின் குரலும்

பிளவ்திவ் நகரில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் நெதெல்சோ அவர்களுக்கு, உங்கள் தங்கை கணவன் மின்கோ பணிவோடு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும், ஒருவர் சத்தத்தோடும் மற்றவர் சத்தமில்லாமலும், நலமாகவே இருக்கிறோம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் ரத்த அழுத்தமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ரத்த அழுத்தம் குறையவில்லையென்றால், மாத்திரை போட்டுக்கொண்ட பிறகு இதை அக்காவுக்குப் படித்துக் காட்டவும்.

உங்கள் அஞ்சலட்டை கிடைத்தது. நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்றை வாய்விட்டுப் படிக்க முடியாது. நான்காவது வரியில், கொதிக்கும் எண்ணெயை நான் ருமியானாமேல் கவிழ்த்து அவளை ஊமையாக்கிவிட்டேன் என்று பக்கத்து வீட்டு ட்சோனாவின் மருமகள் பிளவ்திவ் சந்தையில் உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மச்சான், எண்ணெய் உங்கள் தங்கைமேல் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. குரல் போனது உண்மை. அது என்னால் போனது என்பதும் உண்மை. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்தவன் நான். தப்புச் செய்த பையனைக்கூட நிற்க வைத்துக் கேட்டுவிட்டுத்தான் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவேன்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் போன வருஷம் நம் ஊர்ப் பாடகர் குழு மலைக்கு அந்தப் பக்கம் பெலிதோலுக்குப் போனதுதான். நான் பாடுகிறவன் இல்லை. குழுத் தலைவியின் கணவன் என்ற முறையில் பை தூக்கப் போனேன். மறுநாள் காலையில் அவர்கள் குழுத் தலைவி வெலிச்கா எங்களுக்குக் காலைச் சாப்பாட்டுக்கு ஆட்டையே சுட்டு வைத்தாள். முழு ஆடு, மச்சான், காலை எட்டு மணிக்கு. வைத்துவிட்டு, இடுப்பில் கை ஊன்றி நின்றுகொண்டு, "அடுத்த வருஷம் உங்க ஊருக்கு வர்றோம், என்ன போடுறீங்கன்னு பாப்போம்" என்றாள். அப்போது எனக்குள் மூன்று குவளை ராக்கியா சாராயம் இருந்தது. எழுந்து நின்று, எல்லாரும் நம் வீட்டு முற்றத்தில்தான் சாப்பிடப் போகிறார்கள் என்று அறிவித்துவிட்டேன். ருமியானா என் காலை மிதித்தாள். அதைக் கைதட்டச் சொல்லும் சைகை என்று எடுத்துக்கொண்டு நான் கையும் தட்டினேன்.

இந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில் வருவதாகப் பெலிதோலிலிருந்து தகவல் வந்தது. நாற்பத்தெட்டுப் பேர். சனிக்கிழமை சாயங்காலம் வந்து பள்ளிக்கூடத்தில் தங்குவார்கள், ஞாயிறு காலை நம் வீட்டில் சாப்பாடு, மத்தியானம் மேடை. ஊர் மன்றத்தில் விருந்துக்கென்று ஒதுக்கியிருந்த பணத்தை எடுத்து மன்றச் செயலாளர் மேடைக்கு ஊதா நிறத்தில் வெல்வெட் திரை வாங்கிவிட்டார். திரையைச் சாப்பிட முடியாது என்று நான் சொன்னபோது, பத்து வருஷத்துக்குக் கிழியாது என்று பதில் சொன்னார். ஆகவே மீந்ததில் ஆடு இல்லை, பன்றித்தொடை இல்லை, முட்டைகூட எண்ணித்தான் எடுக்க வேண்டும். ருமியானா ஒரு பொழுது யோசித்துவிட்டு மெகிட்சி போடுவதென்று முடிவு செய்தாள். மாவும் தயிரும் வாங்கினால் போதும். பிசைந்து பொங்கவிட்டு, கையால் இழுத்து எண்ணெயில் போட்டால் ஒன்று தட்டு அகலத்துக்கு உப்பிவரும். தொட்டுக்கொள்ள நம் மரத்துப் பிளம் ஜாம், ட்சோனா வீட்டு ஆட்டுப் பால்கட்டி, குடிக்க வாசலில் நிற்கும் லிண்டன் மரத்தின் பூவைக் காயவைத்துப் போட்ட தேநீர். சூடாக, கை நிறையக் கிடைத்தால் எவரும் ஆட்டை நினைக்க மாட்டார்கள் என்று சொன்னாள். அப்போது அவளுக்குக் குரல் இருந்தது.

அது போனது விருந்துக்கு ஒன்பது நாள் முன்னால். அதே ட்சோனாவின் ஆடுகள் நம் அவரைப் பந்தலுக்குள் புகுந்துவிட்டன. ருமியானா விரட்டினாள். அவள் கத்திய கத்தலில் ஆடு போனது, குரலும் கூடவே போனது. டவுனில் டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறும்வரை ஒரு வார்த்தை கூடாது, ரகசியம் பேசுவதும் கூடாது என்று சொல்லிவிட்டார். உங்களுக்குத் தெரியும், குழுவின் பெரிய பாட்டுக்கு முதல் வரியை அவள் தனியாக எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் சேர முடியும். முப்பது வருஷமாக அந்த வரி அவளுடையது.

அன்று முதல் வீட்டில் சிலேட்டு வந்தது. என் பழைய பள்ளிக்கூட விசிலையும் அவள் எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். ஒரு ஊது ஊதினால் நான் வர வேண்டும். இரண்டு என்றால் செய்வதை நிறுத்த வேண்டும். மூன்று என்றால் நான் செய்தது தப்பு. முதல் நாளே மூன்றைப் பதினோரு தடவை கேட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன் மச்சான், அந்த விசிலை முப்பத்தொரு வருஷம் ஊதியபோது அது இவ்வளவு கொடுமையான பொருள் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிறு விடிந்ததும் அவள் மன்றத்தில் பாடகர்களின் உடுப்புகளை இஸ்திரி போடப் போய்விட்டாள். போகுமுன் மாவுக்கான கணக்கை சிலேட்டில் எழுதி அடுப்பங்கரையில் சாய்த்து வைத்திருந்தாள். என் கண்ணாடி என்னிடம் இல்லை. முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் விருந்தாளிகளுக்குப் படுக்கை விரித்தபோது ஏதோ ஒரு கம்பளிக்குள் போய்விட்டது. ஆனாலும் பெரிய எழுத்துதானே என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். பதினெட்டுக் கிலோ என்று தெரிந்தது. அவள் எழுதியது எட்டு. எட்டுக்கு முன்னால் சிலேட்டில் ஒரு கீறல் இருந்திருக்கிறது. தயிர் பதினெட்டுக்குப் போதவில்லை என்றவுடன் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ட்சோனா வீட்டுக் கதவைத் தட்டி அவளிடம் இருந்த தயிரையெல்லாம் வாங்கி வந்தேன். ஈஸ்டையும் அதே விகிதத்தில் கூட்டினேன். எந்தப் பாத்திரமும் கொள்ளாததால் திராட்சை மிதிக்கிற மரத்தொட்டியைக் கழுவி அதில் பிசைந்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு, ஒன்று இரண்டு ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டு பிசைந்தேன். மாவு பட்டுப்போல வந்தது. இந்த வயதிலும் இப்படிப் பிசைகிறேனே என்று பெருமையாக இருந்தது.

வெளியே அடுப்பு மூட்டிவிட்டு வந்து பார்த்தால் மாவு தொட்டியின் விளிம்புக்கு வந்திருந்தது. விறகு எடுத்து வந்து பார்த்தால் விளிம்பைத் தாண்டியிருந்தது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழுந்தது. போர்வையால் மூடினேன், போர்வையும் எழுந்தது. அந்தச் சமயத்தில்தான் ருமியானா திரும்பி வந்தாள். தொட்டியைப் பார்த்தாள், சிலேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விசிலை எடுக்கவில்லை. மூன்று ஊதினால் போதாது என்று நினைத்திருக்க வேண்டும். குனிந்து இரண்டு கைகளாலும் மாவை உள்ளே தள்ள ஆரம்பித்தாள்.

நான் எண்ணெய்ப் பக்கம் போனேன். பிளம் ஜாம் கிண்டுகிற செம்பு அண்டாவில் வாங்கி வைத்திருந்த பத்து லிட்டரையும் ஒரேயடியாக ஊற்றி, கீழே நல்ல ஓக் விறகாகப் போட்டிருந்தேன். மாவோடு நான் மல்லுக்கட்டிய நேரத்தில் அது காய்ந்து, அண்டாவிலிருந்து நீலப்புகை கிளம்பியிருந்தது. ரொம்பச் சூடாகிவிட்டது, கொஞ்சம் ஆற்ற வேண்டும் என்று நினைத்தேன். சூடாக இருப்பதை எப்படி ஆற்றுவது? தண்ணீர் ஊற்றித்தான். வாளியில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு அண்டாவுக்கு மேலே கையை நீட்டினேன்.

அவள் விசிலை ஊதியிருக்கிறாள், மச்சான். சத்தம் வரவில்லை. தொட்டிக்குமேல் குனிந்ததில் விசிலின் ஓட்டைக்குள் மாவு ஏறி அடைத்துக்கொண்டிருந்தது. மறுபடி ஊதியிருக்கிறாள். பிறகு, ஒன்பது நாளாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த அந்தத் தொண்டையைத் திறந்து, "மின்கோ, அந்தத் தண்ணியைக் கீழ வைய்யா" என்று கத்தினாள். பள்ளத்தாக்கின் அந்தக் கரையிலிருந்து அது திரும்பி வந்தது. நான் தண்ணீரைக் கீழே வைத்தேன். பக்கத்தில் இருந்தால் நீங்களும் வைத்திருப்பீர்கள். அந்தச் செம்புத் தண்ணீர் எண்ணெயில் விழுந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள் என்று பிறகு எல்லாரும் எனக்கு விளக்கிச் சொன்னார்கள்.

திரும்பிப் பார்த்தேன். வாசலில் பெலிதோல்காரர்கள் நாற்பத்தெட்டுப் பேரும் நின்றார்கள். எனக்குச் சட்டை இல்லை. உங்கள் தங்கை முழங்கைவரை மாவோடு, தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொட்டியிலிருந்து மாவு ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு தரையில் இறங்கியது.

வெலிச்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கேலி செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அண்டாவை ஒரு மூடியால் மூடினாள், காலால் விறகை வெளியே இழுத்துவிட்டாள், பிறகு தொட்டியை எட்டிப் பார்த்து, "இது எத்தனை ஊருக்கு?" என்று கேட்டாள். நான் உண்மையைச் சொன்னேன். அவள் ருமியானாவின் தோளில் கைபோட்டு உட்கார வைத்துவிட்டு, தன் ஆட்களைப் பார்த்து, கை கழுவிக்கொண்டு வரச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்ததை விருந்து என்று சொல்வதா, வேலை என்று சொல்வதா எனக்குத் தெரியவில்லை. எண்ணெய் ஆறிப் பதத்துக்கு வருவதற்குள் பெலிதோல்காரர்கள் வீடு வீடாகப் போய் வாணலி கேட்டார்கள். வாணலியோடு வீட்டுக்காரர்களும் வந்தார்கள். ஒரு வரிசை மாவை உருட்டியது, ஒரு வரிசை இழுத்தது, ஒரு வரிசை பொரித்தது. வரிசை போட்டது மட்டும் நான்தான். அது என் தொழில். ஆண்கள் மெகிட்சியை இழுத்த அழகில் பாதி பல்கேரியாவின் வரைபடம்போல இருந்தன, ஆனால் எல்லாம் உப்பின. எண்ணெய் தீர்ந்தபோது மிச்ச மாவில் பால்கட்டியை வைத்து மடித்து ரொட்டிக்காரர் அடுப்பில் சுட்டோம். விருந்தாளிகள் சாப்பிட்டார்கள், நம் ஊர் சாப்பிட்டது, பஸ் டிரைவர் சாப்பிட்டார், மன்றச் செயலாளர் ஏழு சாப்பிட்டுவிட்டுத் திரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆடுகளை அவிழ்த்துவிட்ட குற்றத்துக்காக ட்சோனா தன் பங்குக்கு ஒரு பானை தேன் கொண்டுவந்து வைத்தாள். பதினோரு மணிவரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் வெலிச்கா விரலில் ஒட்டிய ஜாமை நக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாங்க ஆட்டை வெட்டிப் போட்டோம், அரை மணியில தின்னுட்டு பஸ் ஏறிட்டீங்க. இங்க பாரு, யாருக்கும் போகவே மனசில்ல" என்றாள்.

நம் ஊர் மானம் நின்றது, மச்சான். வெறும் மாவிலும் தயிரிலும் நின்றது.

மத்தியானம் மேடை. ஊதாத் திரை விலகியது. அழகாகத்தான் இருந்தது, மறுக்க முடியாது. ருமியானா ஒரு அடி முன்னால் வந்து நின்றாள். மூச்சை இழுத்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கையைத் தொண்டையில் வைத்தாள். மறுபடி முயன்றாள். பின்னால் நின்ற குழு அவளையே பார்த்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஒரு செம்பு தண்ணீருக்காக முப்பது வருஷக் குரலைத் தொலைத்துவிட்டேனே என்று நினைத்தேன். அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அந்த முதல் வரியை எடுத்தது. வெலிச்கா. மலைக்கு அந்தப் பக்கமும் அதே பாட்டுதான், ராகம் மட்டும் ஒரு இடத்தில் வேறு மாதிரி வளையும். அவள் பாடிக்கொண்டே நடந்து மேடை ஏறி ருமியானாவின் கையைப் பிடித்தாள். நம் குழு சேர்ந்தது, அவர்கள் குழு உட்கார்ந்த இடத்திலேயே சேர்ந்தது. நான் அழுதேன். கண்ணாடி இல்லாததால் துடைக்க வசதியாக இருந்தது.

இதுதான் நடந்தது. இன்றோடு இரண்டு வாரம் ஆகிறது, உங்கள் தங்கை இன்னும் சிலேட்டில்தான் எழுதுகிறாள். டாக்டரிடம் போகலாம் என்றால் வேண்டாம் என்று தலையாட்டுகிறாள். என்மேல் கோபமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன், அடுத்த முறை அஞ்சலட்டையில் வேண்டாம், தபால்காரர் படித்துவிட்டுத்தான் தருகிறார். உங்கள் வீட்டில் அடுப்பும் உடம்பும் குறையில்லாமல் இருக்கட்டும், திராட்சை இந்த வருஷம் நன்றாகப் பழுக்கட்டும், அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும்,
மின்கோ

பின்குறிப்பு: அண்ணா, நான் ருமியானா. உறையில் போட்டு ஒட்டச் சொல்லி இவர் கொடுத்தார், படித்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன். என் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது வெள்ளிக்கிழமையே திரும்பிவிட்டது, டாக்டர் சொன்னாரே என்றுதான் ஞாயிறுவரை பேசாமல் இருந்தேன். மேடையில் வாயைத் திறந்ததும் முதல் வரி மறந்துபோனது. முப்பது வருஷம் பாடிய வரி, அண்ணா, சுத்தமாக மறந்துபோனது. தொண்டையில் கை வைத்தேன், எல்லாரும் அவர்களாகவே ஒரு காரணம் நினைத்துக்கொண்டார்கள். வெலிச்காவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறேன். அன்றே இவரிடமும் சொல்லியிருப்பேன். ஆனால் நான் பேசாததால் இவர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறார். நேற்றுப் பாத்திரம் கழுவிக்கொண்டே, இந்த ஊரில் வேலை கேட்டு வாங்கியதே நான் பாடியதை ஒருநாள் சந்தையில் கேட்டதால்தான் என்று சொன்னார். கல்யாணமாகி முப்பத்துநான்கு வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதே இல்லை. இன்னும் என்னென்ன வைத்திருக்கிறார் என்று கேட்டுவிட்டு, பிறகு பேசுகிறேன்.