பிரமிடு வளர்ந்த வாரம்

கலங்கரை விளக்கம் பிரமிடுக்குள் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. பல் டாக்டர் தரையில் குப்புறப் படுத்து, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல உள்ளே எட்டிப் பார்த்தார். நாலு விரற்கடை இடித்தது.

ஆளுக்கொரு பைத்தியம். இவருக்கு விளையாட்டுச் செங்கல். பேர்போன பழைய கட்டடம் எதைப் பார்த்தாலும் குட்டியாகக் கட்டி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார். சோபாவுக்குப் பின்னால் சீனப் பெருஞ்சுவர். அலமாரியின் கீழ்த்தட்டில் பிரமிடு. சாப்பாட்டு மேஜையில் ரோமாபுரி அரங்கம். அதுதான் அவர் உயிர். வரைபடம்கூட இல்லாமல், தானே யோசித்து, இரண்டு வருஷம் கட்டியது. அதன்மேல் தூசு படிந்தால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

போன மாதம் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இனிமே ஒரே ஒரு கட்டடம் புதுசா உள்ள வரட்டும், அரங்கத்தோட சேத்து எல்லாத்தையும் மூட்டை கட்டி ஸ்கூலுக்குக் கொடுத்துடுவேன்!"

"சத்தியமா வராது" என்றார். அப்போதே கிளினிக்கில் கலங்கரை விளக்கம் பாதி எழும்பியிருந்தது. பஞ்சு டப்பா வைக்க இடமில்லை என்று நர்ஸ் அதைத் துரத்திவிட்டாள். பாவம், அது வேறெங்கே போகும்?

பிரமிடை நாலு வரிசை உயர்த்தி, உள்ளே தள்ளி மூடினார்.

"என்னங்க, இது வளருதா?"

"முன்னாடி அளவு தப்பு. இப்பத்தான் திருத்தினேன்."

பொய் சொல்லியாகிவிட்டது, சரி. மறுநாள் பார்த்தால் உச்சியில் கலங்கரை விளக்கத்தின் சிவப்பு எட்டிப் பார்க்கிறது! இன்னும் இரண்டு வரிசை வேண்டும், மஞ்சள் கல்லோ தீர்ந்துபோச்சு. மனசைக் கல்லாக்கிக்கொண்டு அரங்கத்திலிருந்து உருவினார்.

"அரங்கத்துல ஒரு பக்கம் சுவரைக் காணோமே?"

"அசல்லயும் இடிஞ்சுதாம்மா கெடக்கு."

"நேத்து இருந்துச்சே?"

"நேத்து தப்பா இருந்துச்சு."

பாரம் தாங்காமல் அலமாரிப் பலகை தொய்ந்தது. சீனப் பெருஞ்சுவரைப் பிடுங்கி அடியில் முட்டுக்கொடுத்தார். எத்தனையோ படையைத் தடுத்த சுவர், ஒரு பலகையைத் தாங்காதா என்ற நம்பிக்கைதான்.

தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி பேப்பரைப் பிரித்த நேரம், சுவர் சிதறி, பலகை சரிந்து, பிரமிடு பொலபொலவென்று கொட்டியது. கலங்கரை விளக்கம் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் உருண்டுபோய் அவள் காலடியில் நின்றது.

அவள் கத்தவில்லை. பேப்பரை நிதானமாக மடித்து வைத்தாள்.

"அட்டைப்பெட்டி எங்க இருக்கு?"

"அரங்கத்தை மட்டும் விட்டுடும்மா. மிச்சமெல்லாம் கொடுத்துடலாம்."

"பேச்சுன்னா பேச்சுதான். கட்டின பொண்டாட்டிக்குத் தெரியாம ஒளிச்சு வைக்கிறீங்களே, கொஞ்சமாவது வெக்கம் வேணாம்?"

டாக்டருக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இதற்குமுன் இத்தனை வருஷத்தில் அவளிடம் பொய் சொன்னதும் இல்லை, அவள் இப்படிப் பேசிக் கேட்டதும் இல்லை. பொக்கையாகிப்போன அரங்கத்தை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார்.

அழைப்புமணி அடித்தது. மனைவி திடுக்கிட்டு எழுவதற்குள், அவர் அரங்கத்தோடு போய் முழங்கையால் கதவைத் திறந்துவிட்டார். வாசலில் கூரியர்காரர், கலகலவென்று சத்தமிடும் பெட்டியோடு நின்றார்.

"மேடத்துக்கு சார். எப்பவும் எதிர்வீட்லதான் கொடுப்பேன். மேடம் அங்க கட்டுற அரண்மனை கட்டிலுக்கடியிலேர்ந்து ஹாலுக்கே வந்துடுச்சாம், இனிமே ஒரு செங்கலுக்குக்கூட இடமில்லைன்னு இங்க அனுப்பிட்டாங்க!"