பூட்டிய ஃபைலும் மேச்சேரி கிடா விருந்தும்

மென்பொருள்காரர்கள் புரோகிராம் ஃபைல்களைப் பராமரிக்க ஏன் 'கிட்'டுக்கு (Git) மாறினார்கள் என்று கேட்டால், வேகம், வசதி என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எங்கள் ஆபீஸ் மாறியதற்குக் காரணம் நான்தான். பெருமையாகச் சொல்லவில்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், மளிகை மண்டிக்கு மேல்மாடியில் ஆபீஸ். (மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே புரோகிராம் எழுதுவோம்.) அப்போது எல்லா ஃபைலும் ஒரே சர்வரில் இருக்கும். ஒருவர் ஒரு ஃபைலை எடுத்தால் பூட்டு விழும். அவர் விடும்வரை மற்றவர் கைவைக்க முடியாது. பூட்டை உடைக்கும் பாஸ்வேர்டும் என்னிடம் மட்டும்தான்.

பக்கத்து வரிசையில் கவிதா. பூட்டு விழுந்தால் எழுந்து வந்து, "ஏனுங்க, அந்த பில் ஃபைலைக் கொஞ்சம் விடறீங்களா?" என்பாள். அந்த ஒரு கேள்விக்காகவே, வேலை இல்லாத ஃபைலையும் காலையில் வந்ததும் பூட்டிவைப்பேன். (என் தைரியம் அவ்வளவுதான்.) விடுவதற்குள் பஸ், மழை, குழம்பு என்று நாலு வார்த்தை பேசிவிடுவோம்.

மேச்சேரியில் மாமா வீட்டுக் கிடா விருந்துக்கு லீவு போட்டபோதும் பில் ஃபைலைப் பூட்டிவிட்டே கிளம்பினேன். ஒரு போனாவது வராதா என்ற நப்பாசை. அங்கே பந்தி பரிமாற இறங்கியவன், குழம்பு கொட்டுமே என்று புதுச் சட்டையைக் கழற்றி வேனில் போட்டேன். போனும் சட்டைப் பையிலேயே போய்விட்டது. கறிச்சோறு தின்றுவிட்டு வேப்பமரத்தடியில் நன்றாகத் தூங்கினேன்.

சாயங்காலம் எடுத்துப் பார்த்தால், கவிதா பத்தொன்பது முறை கூப்பிட்டிருந்தாள்.

எங்கள் பில் புரோகிராமை வாங்கலாமா என்று பார்க்க அடுத்த வாரம் வரவேண்டிய திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் முதலாளி, அன்றைக்கே வந்துவிட்டாராம். பில்லில் ஒரு வரி தப்பு. திருத்த ஒரு நிமிஷம் போதும். ஃபைல்தான் பூட்டிக் கிடந்தது. "ஒரு டிரைவர் லீவு போட்டா வண்டி நிக்குமாங்க? எங்க ரிக்குக்கே ரெண்டு டிரைவருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர் திரும்பவே இல்லை.

மறுவாரமே கிட் வந்தது. அவரவர் கணினியில் முழுப் பிரதி. ஒரே ஃபைலில் இரண்டு பேர் வேலை செய்து பிறகு சேர்த்துக்கொள்ளலாம். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆபீஸே கொண்டாடியது. கவிதாவும் சிரித்தபடி வந்து, "இனி உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேனுங்க" என்றாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அடுத்த வருஷம் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

இப்போது நான் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் போதும், "பூட்டிப்போட்டு மேச்சேரிக்குப் போயிட்டீங்களா?" என்று மனைவி கதவைத் தட்டுவாள். பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். மறதிக்காரன் என்றே என் வீட்டில் பெயர். அன்றைக்குப் பூட்டியது மறதியால் இல்லை என்பதை மட்டும் நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.