கல்யாண கேக்கைத் தூசி தட்டிய கதை

தெரியாத ஆங்கில வார்த்தை யாரையும் கவிழ்ப்பதில்லை. யாரிடமாவது கேட்டுவிடுவோம். நன்றாகத் தெரியும் என்று நினைக்கிற வார்த்தைதான் ஆளைக் குப்புறத் தள்ளும். என்னைத் தள்ளியது 'டஸ்ட்'.

கல்யாணமாகி விருதுநகரிலிருந்து கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்த புதிது. கணவருக்கு மிளகுக் கிடங்கில் வேலை. நான் பக்கத்துத் தெருவில் ரோஸி சேச்சி வீட்டிலேயே நடத்திய கேக் கடையில் உதவிக்குச் சேர்ந்தேன்.

"இங்கிலீஷ் அறியாமோ?" என்றார் சேச்சி.

"பி.ஏ. சேச்சி" என்றேன். (எந்தப் பாடம் என்று அவர் கேட்கவில்லை. வரலாறு.)

சீக்கிரமே சேச்சிக்கு முதல் பெரிய ஆர்டர் வந்தது. வெலிங்டன் தீவில் ஒரு கல்யாண வரவேற்பு, மூன்றடுக்கு சாக்லெட் கேக். அன்று மதியம் நான் அட்டைப்பெட்டி வாங்கப் போயிருந்த நேரத்தில் சேச்சி கேக்கை முடித்துவிட்டு, மேசை போட முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டார். நான் திரும்பியதும் போன்.

"செல்வி, வண்டியில ஏத்தறதுக்கு முன்னால கேக்கை இன்னும் ஒருதடவ டஸ்ட் செய்யணே. மறந்துடாதே!"

பார்த்தேன். கேக் முழுக்க வெள்ளைப் பொடி. பக்கத்து வீட்டில் பழைய சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஜன்னலோ திறந்து கிடந்தது. பாவம் சேச்சி, அவசரத்தில் மூடாமல் போய்விட்டார்! புது பிரஷ் எடுத்து அடுக்கடுக்காகத் தட்டினேன். போகாத இடத்தில் ஈரத்துணி. கேக் புது ஷூ மாதிரி மின்னியது.

மண்டபத்தில் பெட்டியைத் திறந்த சேச்சி நெஞ்சில் கை வைத்தார்.

"எடி, இதிலெ இட்ட பஞ்சாரப்பொடி எவிடெ?"

பஞ்சாரப்பொடி என்றால் பொடித்த சர்க்கரை. "நீங்கதானே டஸ்ட் பண்ணச் சொன்னீங்க... துளிகூட விடலை சேச்சி."

சேச்சி திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தொலைத்திருப்பேன். "வா" என்று மண்டபத்துச் சமையலறைக்கு இழுத்துப்போனார். மிக்ஸியில் சர்க்கரையைப் பொடித்தோம். கட்லெட் தட்டுக்கு அடியில் விரிக்கும் பூ வெட்டிய காகிதங்கள் அங்கே அடுக்கி இருந்தன. அவற்றைக் கேக் மேல் வைத்து, டீ வடிகட்டியால் சேச்சி சர்க்கரையைச் சலித்தார். நான் மூச்சை அடக்கிக் காகிதத்தைத் தூக்கினேன். வெள்ளை லேஸ் விரித்த மாதிரி பூப்பூவாக விழுந்திருந்தது.

அப்போது பார்த்து மணப்பெண்ணே வந்து நின்று, "இங்க என்ன நடக்குது?" என்றாள். கல்லூரியில் ஆங்கிலம் நடத்துபவள்.

"என்டெ தெற்றாணு மோளே, நான்தான் சரியா சொல்லலை" என்று சேச்சி முந்திக்கொண்டார். என்னால் தாங்க முடியவில்லை, நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன்.

அவள் பட்டுப்புடவை கசங்கச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். "தப்பு உங்க மேல இல்ல சேச்சி, அந்த வார்த்தை மேல. ஆதியில புகை மாதிரிக் கிளம்பறதுக்கு வெச்ச பேராம். அதை அப்படியே வினைச்சொல்லாக்கிட்டாங்க. தூசியை எடுத்தாலும் டஸ்ட், தூள் தூவினாலும் டஸ்ட். நம்ம மலையாளத்துப் பொடி மட்டும் என்ன? ஜன்னல்ல இருந்தா தூசி, மீன்கறியில விழுந்தா மல்லி!"

கேக் வெட்டும்போது அந்த லேஸைத்தான் எல்லாரும் படம் எடுத்தார்கள். திரும்பும் வழியில் வேலை போய்விட்டது என்று நினைத்து, "நாளைக்கு வரவா சேச்சி?" என்று கேட்டேன்.

"பின்னே வராம? அந்தக் காகிதப்பூவை இனி யாரு பிடிக்கும்?"

தெரியாத ஊரில் எனக்கு ஒரு வீடு கிடைத்தது அந்த நிமிடத்தில்தான்.

சென்ற வருடம் எனக்கு மகள் பிறந்தாள். குளிப்பாட்டித் துடைத்ததும் சேச்சி பவுடர் டப்பாவைத் திறந்தார். என் கணவரும் மாமியாரும் சுற்றி நிற்க, மிக அக்கறையாக என்னைக் கேட்டார்:

"செல்வி, குட்டியை டஸ்ட் செய்யட்டே? பொடி இடணோ, எடுக்கணோ?"