மோட்டிவ் அண்ணனும் என் டிபன் பாக்ஸ் மூடியும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு செய்கிறார்கள், குழாய் செய்கிறார்கள், இன்னும் என்னென்னவோ செய்கிறார்கள். ஆனால் சந்தேகத்தை டன் கணக்கில் உற்பத்தி செய்த ஒரே மனிதர் எங்கள் கம்பெனியின் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்தான். அவருடைய நிஜப்பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் மோட்டிவ். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

சாப்பாட்டு இடைவேளையில் வண்டியிலேயே உட்கார்ந்து போனில் கிரைம் சேனல் பார்ப்பார். அதில் யாரோ ஒருவர், மோட்டிவ் இல்லாமல் கொலை நடக்காது என்று சொல்லியிருக்கிறார். நம்மவர் அதிலிருந்து கொலையை மட்டும் கழற்றிவிட்டு, மோட்டிவை மொத்த வாழ்க்கைக்கும் மாட்டிக்கொண்டார். கேன்டீன் சாம்பாரில் ஒருநாள் முருங்கைக்காய் கொஞ்சம் தாராளமாக விழுந்துவிட்டது. கரண்டியைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னாத்துக்கு இன்னிக்கு இவ்ளோ காயி? மோட்டிவு இன்னா?"

மறுநாள் முதல் சாம்பாரில் முருங்கைக்காயின் வாசனை மட்டும் வந்தது. புதிதாகச் சேர்ந்த ஹெச்.ஆர். இளைஞர் அவருக்கு குட்மார்னிங் சொல்லிவிட்டு ஒரு மணிநேரம் விளக்கம் சொல்ல நேர்ந்தது. அதன்பிறகு அந்தப் பையன் யாருக்குமே வணக்கம் சொல்லாமல் சுற்றுச்சுவர் ஓரமாகப் போய்வந்தான்.

மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் விடவில்லை. கேசரியில் முந்திரி அதிகமாக இருக்கிறதாம். எதையோ மறைக்கிறார்களாம். பெண்ணின் அப்பாவைக் குறுக்கு விசாரணை செய்து வியர்க்க வைத்திருக்கிறார். உள்ளே இருந்து பெண்ணே வெளியே வந்துவிட்டது.

"மாமா, முந்திரி போட்டது நான்தான். எனுக்கு முந்திரின்னா உசுரு. நீங்க மிச்சம் வெச்சா நான் துன்னலாம்னு போட்டேன்."

"ஒத்துக்கிச்சுபா! இந்தக் காலத்துல யாரு ஒத்துக்கிறாங்கோ?" என்று அங்கேயே தட்டை மாற்றிவிட்டார். இன்றைக்கு அந்த வீட்டில் அவருக்கு அடங்காத ஒரே ஆள் அந்த மருமகள்தான்.

எங்கள் கம்பெனி பஸ்ஸுக்குப் போனில் ஒரு குரூப் உண்டு. பஸ் ஒரு ஸ்டாப்பைத் தாண்டியதும் அங்கே ஏறியவர் ஒரு வரி போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்த ஸ்டாப்காரர்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். அதனால் ஒருவருக்கும் பெயர் கிடையாது. எல்லோர் போனிலும் எல்லோரும் ஸ்டாப் பெயரில்தான் பதிவாகியிருந்தோம். செங்குன்றம் கோபப்படுவார், காரனோடை ஜோக் போடுவார். தச்சூர் என்றால் மோட்டிவ். நான் கும்மிடிப்பூண்டி பஜார், கடைசி ஸ்டாப். எனக்கு முந்தையது கவரைப்பேட்டை. "பஸ் தாண்டிச்சு" என்று கவரைப்பேட்டை போட்ட பிறகுதான் நான் சட்டையையே தேடுவேன். அந்தக் கவரைப்பேட்டை ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த குரூப்பில் ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கொலை வந்து விழுந்தது. செங்கல் சூளை மேஸ்திரி ஒருவரைக் கொன்றதாக, தண்ணீர் கேன் போடும் வேன் டிரைவரைக் கைது செய்திருந்தார்கள். முகத்தைத் துண்டால் மூடி கோர்ட்டுக்கு அழைத்துப் போகும் வீடியோவை யாரோ குரூப்பில் போட்டார்கள். அவ்வளவுதான், எங்கள் பஸ் போலீஸ் ஸ்டேஷன் ஆகிவிட்டது. ஏன் கொன்றான்? செங்குன்றம் காதல் என்றார். காரனோடை நிலத்தகராறு என்றார். மோட்டிவ் ஆற அமர வந்து குரல் பதிவு போட்டார்: "சூளைக்கு கேன் போட்டுக்கினு இருந்தான். மேஸ்திரி திடீர்னு போர் போட்டுட்டான். பொழப்பு பேஜாரு ஆச்சு. அதான் மோட்டிவு."

எனக்குப் பொறுக்கவில்லை. நான் குவாலிட்டி பிரிவு. குழாயின் தடிமனை அளப்பது என் வேலை. மனித மனத்தை அளக்க இதைவிட என்ன தகுதி வேண்டும்? அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து ஒரு நீண்ட கட்டுரையே எழுதினேன். முகத்தைத் துண்டு மறைக்கலாம், நடையை மறைக்க முடியுமா என்று ஆரம்பித்தேன். வெறுங்காலைப் பார்த்துப் பார்த்து ஊன்றி, அவசரமே இல்லாமல் நடக்கிறான். இது பல வருஷப் பகையைத் தீர்த்துவிட்ட திருப்தியின் நடை. இவனுக்குக் கடுகளவும் வருத்தம் இல்லை என்று முடித்தேன். கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. "சார் நீங்க போலீஸ்ல சேந்திருக்கணும்" என்று செங்குன்றம் போட்டார். அதை என் மனைவியிடம் காட்டினேன். மாவு அரைக்கிற சத்தத்தில் அவளுக்கு என் புகழ் கேட்கவில்லை.

மறுநாள் காலை கவரைப்பேட்டையிலிருந்து ஒரு வரியும் வரவில்லை. நான் ஒரு கையைச் சட்டைக்குள் விட்டபடி போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் என் கண்முன்னால் போயிற்று. மற்றக் கையையும் நுழைத்துக்கொண்டு பஜார் நடுவில் ஓடினேன். பழக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நாளும் அதே கதை. பஜார்காரர்கள் எல்லோரும் குரூப்பில் கவரைப்பேட்டையைத் திட்டினோம். பதில் இல்லை.

"இதுல ஒரு மோட்டிவு கீது. நான் பாத்துக்கறேன்" என்று போட்டார் நம்மவர். தன் வார விடுமுறையில் கவரைப்பேட்டைக்கே போனார்.

போய்வந்த மறுநாள் அவர் போட்டதோ வேறு. "நம்ம குவாலிட்டி சாரு ரெண்டு நாளா டிபன் பாக்ஸ மூடி இல்லாத எத்தினு வராரு. மேல பேப்பர் சுத்திக்கிறாரு. மூடி எங்க? மோட்டிவு இன்னா?"

மூடி எங்கோ தொலைந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் தொலைந்துவிட்டது என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்? மனைவி மூடியால் அடித்ததில் நசுங்கிவிட்டது என்றார் செங்குன்றம். மூடி வேறொரு வீட்டில் இருக்கிறது என்றார் காரனோடை. அந்த வேறொரு வீடு எது என்று அடுத்த விசாரணை ஆரம்பமானது. நான் பஸ்ஸில் நடந்துபோகும் வீடியோவை எடுத்துப் போட்டு, தப்பு செய்தவன் நடை இதுதான் என்று ஒருவர் கட்டுரை எழுதினார். என் நடையே எனக்கு மறந்துவிட்டது. கதவைத் தாண்டும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்து நின்றேன். யாரோ ஒரு புண்ணியவான் மூலம் செய்தி வீட்டுக்கும் போயிற்று. சோறு வந்தது, பேச்சு வரவில்லை. ஊன்றுகோல் போல எனக்கிருந்த ஒரே ஆள் அவள்தான். அவளும் அன்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே வலித்தது.

மறுநாள் மோட்டிவைக் கேன்டீன் கைகழுவும் இடத்தில் மடக்கினேன். "உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?"

குழாயை மூடிவிட்டு, சுற்றிலும் பார்த்துவிட்டு, மெதுவாகப் பேசினார். "கவரைப்பேட்ட யாரு தெரியுமா நைனா? பேக்கிங்ல கீதே செல்வி, அந்தப் பொண்ணு. உள்ள போயிருக்கான் பாரு வேன் டிரைவரு, அதுக்குக் கூடப் பொறந்த அண்ணன். நாம போட்டதெல்லாம் படிச்சிக்கினே இருந்துக்குது."

ஈரக் கையை உதறிக்கொண்டே தொடர்ந்தார்.

"பஸ்ல ஏற கால் வரலியாம். வேலைய வுட்டுட்றேன்னு அயுவுது. ஷேர் ஆட்டோல வந்து போய்க்கினு கீது. அண்ணன் உள்ள கீறான், அம்மாவுக்கு ஒடம்பு முடியல. அதுவும் ஊட்ல குந்திக்கினா இன்னா துன்னுவாங்கோ?"

"அதுக்கும் என் மூடிக்கும் என்னங்க சம்பந்தம்?"

"குரூப்புல உண்மைய சொன்னா ஒரு நாளு ஐயோ பாவம்பானுங்கோ. அடுத்த நாளு அந்தப் பொண்ணாண்டயே போய் மோட்டிவு கேப்பானுங்கோ. இவனுங்கோ வாய மூட முடியாது. மெல்றதுக்கு வேற எதுனா குடுத்தாதான் உண்டு. அதான் உன்னக் குடுத்தேன். உனுக்கு இன்னா, ஊட்ல நாலு திட்டு. தாங்குவ."

போகும்போது திரும்பிச் சொன்னார். "அந்த நட விஷயம்... அவனுக்குக் கால்ல ஆணியாம். செருப்பு இல்லாத நடக்க முடியாதாம். அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

ஓடிப்போய் என் கட்டுரையை அழிக்கப் பார்த்தேன். காலம் கடந்துவிட்டதால் என் போனில் மட்டும்தான் அழிந்தது. நான் மிகவும் நல்லவனாக இருந்த ஒரே போன் அதுதான். அந்த டிரைவர் குற்றவாளியா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. வழக்கு நடக்கிறது. கண்டுபிடிக்க வேண்டியவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

அன்று மாலை ஷிப்ட் முடிந்து பஸ் கிளம்பத் தயாராக நின்றது. செல்வி தூரத்தில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தார். மோட்டிவ் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று கத்தினார்.

"யம்மா செல்வி! வா வா, ஏறு!"

"நீங்க போங்கண்ணா. நான் ஆட்டோல வந்துட்றேன்."

"டிரைவரு, வண்டிய ஆப் பண்ணு! இந்தப் பொண்ணு ஏறாத வண்டி நகராது!"

டிரைவர் நிறுத்தியே விட்டார். உள்ளே இருந்தவர்களுக்குப் பசி. "சீக்கிரம் ஏறுமா, பேஜாரு பண்ணாத" என்று செங்குன்றம் எரிந்து விழுந்தார். செல்வி தலையைக் குனிந்தபடி ஏறினார். படியில் நின்றுகொண்டு, யார் முதலில் தன்னைப் பார்க்கப் போகிறார்கள் என்று பயந்த முகத்தோடு நிமிர்ந்தார்.

ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. பஸ் மொத்தமும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. "இன்னா சார், மூடி கெடச்சுதா?" என்றார் காரனோடை.

கடையில் புது மூடி வாங்கிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் என் வழக்கு அன்றோடு முடிந்திருக்கும். எழுந்து நின்றேன். "மூடி யாருகிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியும். உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்" என்றேன். பஸ் அதிர்ந்தது. அவர்கள் மெல்வதற்கு இது இன்னும் ஒரு மாதத்துக்குத் தாங்கும். அந்தக் கூச்சலுக்குள் செல்வி போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, டிக்கெட் வாங்காத பயணி பரிசோதகர் தாண்டிப்போனதும் விடுகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

நான் மோட்டிவ் பக்கத்தில் போய் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் ஸ்டாப் வந்தது. இறங்க மனம் வரவில்லை. கவரைப்பேட்டையில் அந்தப் பெண் இறங்குவதை இரண்டு பேருமாகப் பார்த்தோம். அப்புறமும் தச்சூர் வரை அந்த மனிதரோடே போனேன். திரும்பி வீடு வந்து சேர்வதற்குள் பட்ட பாடு பெரிய பாடு. அவருக்காக இன்னொரு தடவை என்றாலும் படுவேன்.