மண்டோரின் ஏழு பச்சைப் புள்ளிகள்

உலகத்திலேயே, இல்லாத வீடுகளுக்கு வெள்ள எச்சரிக்கை அனுப்ப வைத்த ஒரே மனிதர் கோத்தா திங்கி ஊர் மண்டோர்தான். செம்பனைத் தோட்டத்தில் தினமும் விடியலில் ஆட்களைப் பெரட்டில், அதாவது வருகைக் கணக்கு வரிசையில், நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற வேலை அவருக்கு. வேலை போய்ப் பல வருடமாகியும் மண்டோர் என்ற பெயர் போகவில்லை. சொந்தப் பெயரைக் கேட்டால் முறைப்பார்.

நாங்கள் சிலர் ஆற்றோரக் கம்பத்து, அதாவது கிராமத்து, மக்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு வெள்ளச் செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தோம். மாதம் ஒரு ஞாயிறு காலை சோதனை மணி அடிக்கும். ‘நலம்’ என்று அழுத்தினால் வரைபடத்தில் உங்கள் வீடு பச்சையாகும். மூன்று மாதம் பதில் வராத வீடு தானாக நீங்கிவிடும்.

“எல்லார்ட்டயும் போன் இருக்கா தம்பி? ஒரே போன்ல நாலஞ்சு வீட்டுக்குப் பதில் சொல்ற மாதிரி செய்ங்க” என்றார் மண்டோர். அருமையான யோசனை என்று கைதட்டி, வீடுகளை அவரவரே சேர்த்துக்கொள்ளும்படி செய்துகொடுத்தோம்.

அடுத்த சோதனையில், செம்பனைக் காட்டு மேட்டில் ஏழு வீடுகள் பச்சையாகின. அங்கே வீடே கிடையாது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். கோளாறு எங்களுடையதுதான் என்று தம்போய் ஊரிலுள்ள எங்கள் அலுவலகத்தில் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

மறுமாதம் நேரிலேயே போனேன். காலை பத்து மணிக்கே மரங்களுக்கடியில் அந்திபோல் இருந்தது. ஏழு சிமெண்டுப் படிக்கட்டுகள் எந்த வீட்டுக்கும் ஏறாமல் நின்றன. முதல் படிக்கட்டுக்கு முன்னால் மண்டோர். ஒரு பெயரைக் கூப்பிட்டார். காத்திருந்தார். தலையாட்டிவிட்டுப் போனை அழுத்தினார். நாலாம் படிக்கட்டில், “லேட்டு!” என்று அதட்டினார்.

“கேட்டுச்சா?” என்றார் என்னைப் பார்த்து.

“இல்லீங்கய்யா.”

“ஒனக்கு ஏன் கேக்கணும்? ஒன் பேரையா கூப்பிட்டேன்?”

காருக்கு ஓடத் தயாராக நின்றபடி, இந்த வீடுகளை நீக்கிவிடலாமே என்றேன்.

“பெரட்டுல பதில் வரலன்னா பேர வெட்டிருவோம். நானே நெறைய வெட்டியிருக்கேன். இவங்க பேரையும்தான்.” அவர் குரல் இறங்கியது. “இனிமே முடியாதுலா.”

நான் நீக்கவில்லை. பாதி பயம், பாதி பரிதாபம்.

அந்த மழைக்காலத்தில் ஆறு பட்டப்பகலில் கம்பத்துக்குள் வந்தது. சாலை மூழ்கியது. எந்தப் பக்கம் ஓடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. எச்சரிக்கை மணி அடித்தும் கம்பத்தில் யாரும் ‘நலம்’ அழுத்தவில்லை; வரைபடத்தில் அந்த ஏழு புள்ளிகள் மட்டும் பச்சையாக இருந்தன. ஜனங்கள் போனைப் பார்த்துக்கொண்டே அந்த மேட்டை நோக்கி நடந்தார்கள்.

“அலமாக், அங்க பேய் இருக்கே!” என்று யாரோ அலறினாராம்.

“இருந்தா இருக்கட்டும்லா! அதுங்க கால் நனையலல்ல?” என்றாராம் நாசி லெமாக் விற்கும் அக்கா.

மேட்டில் மண்டோர் நனைந்துகொண்டு நின்றார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் படிகளில் உட்காரவைத்தார். கூப்பிட்ட அத்தனை பேரும் பதில் சொன்னார்கள். அன்று அவர் ஒரு பெயரையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை.

போன வருடம் மண்டோர் தூக்கத்திலேயே காலமானார். ஒண்டிக்கட்டை; வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் மாதந்தோறும் அந்த வீடு பச்சையாகிறது. கூடவே மேட்டு வீடுகள் ஏழும். அழுத்துவது யார் என்று கம்பத்தில் குசுகுசுவென்று பேசிக்கொள்கிறார்கள். அக்கா இப்போது அந்தத் தெருவில் தனியாக நடப்பதில்லை.

பேய் எதுவும் இல்லை, அக்கா; நான்தான். அவர் கேட்டு வாங்கிய அதே வசதியில், தம்போயில் உட்கார்ந்துகொண்டு எட்டு வீட்டுக்கும் நான்தான் அழுத்துகிறேன். மண்டோருடைய வீட்டுக்கு மட்டும், அழுத்துவதற்கு முன் அவருடைய சொந்தப் பெயரைக் கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பேன்.